தட்டினால் சரியாகும் பெட்டி: சீரியல் கம்பி வழியாக ஒரு கெர்னல் வேட்டை

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னை நார்த்தூள் ஆலை. தூளை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அமுக்கி 5 கிலோ கட்டிகளாக எடுப்பார்கள். ஒவ்வொரு கட்டியையும் எடை போட்டு, நேரத்தோடு பதிந்து, அலுவலகக் கணினிக்கு அனுப்புவது நான் செய்து கொடுத்த பெட்டியின் வேலை. உள்ளே பீகிள்போன் பிளாக் என்ற சின்னக் கணினிப் போர்டு, எடையை உணர லோட்செல், அதைப் படிக்க எச்எக்ஸ்711 சிப். சிப்புக்கு, லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஓடும் ஒரு சின்ன டிரைவர், நானே எழுதியது. ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு நாள் அங்கிருக்கும் ஆபரேட்டர் அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, பெட்டி தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுதுங்க. நாளைக்கு ரெண்டு மூணு வாட்டி. சில நேரம் தொடர்ந்தாப்ல அஞ்சாறு தடவை. மேல ஒரு தட்டு தட்டுனா செரியாயிருது."

கடைசி வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பழைய டிவியைத் தட்டிய பழக்கம் என்று சிரித்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து அந்த வாக்கியத்துக்குத்தான் திரும்பி வந்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் யாரும் முதலில் பவரைத்தான் சந்தேகிப்பார்கள். நானும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையை மாற்றினேன். பிரஸ் மோட்டார் இழுக்கும்போது வோல்ட்டேஜ் விழுகிறதா என்று ஒரு மதியம் முழுக்க மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. பெட்டியோ என் கண் முன்னாலேயே ஒரு முறை அணைந்து எரிந்தது. லாகைப் பார்க்கலாம் என்றால், போர்டில் இருக்கும் இஎம்எம்சி சேமிப்புச் சிப் தேயக்கூடாது என்று லாகை ராமிலேயே வைத்திருந்தேன். ரீஸ்டார்ட் ஆனால் சுத்தமாகத் துடைத்துவிடும். சிக்கனம் எங்கே வந்து கடிக்கும் என்று தெரியாது.

அந்த ஒரு முறை பார்த்ததில் ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அணைவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் திரையில் இருந்த எடை அசையாமல் நின்றது. கட்டி தட்டில் வந்து உட்கார்ந்த பிறகும் பழைய எண்தான். பவர் போனால் முன்கூட்டி உறையாது. கெர்னலுக்குள் ஏதோ மாட்டிக்கொள்கிறது.

கெர்னல் மாட்டிக்கொள்ளும் இடத்தைப் பார்க்க இரண்டு வழி. ஒன்று ஜேடேக், சிப்பை வெளியிலிருந்தே நிறுத்திப் பார்க்கும் வழி; ஆனால் இந்தப் போர்டில் அதற்கான இடம் பின் சாலிடர் செய்யாமல் வெறும் பேடாகத்தான் வருகிறது. இன்னொன்று கேஜிடிபி: கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் டீபக்கர், அதாவது பிழை தேடும் கருவி. நிறுத்து என்றால் மொத்தக் கெர்னலும் அப்படியே நிற்கும்; அதற்குப் பிறகு சீரியல் போர்ட் வழியாக மறுமுனைக் கணினியில் ஓடும் ஜிடிபி என்ற டீபக்கர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும். 2008-இல் வந்த 2.6.26 பதிப்பிலிருந்தே இது மெயின்லைன், அதாவது அதிகாரப்பூர்வக் கெர்னலில் இருக்கிறது. தேவை மூன்று கம்பி. போர்டில் ஜே1 என்று ஆறு பின் உள்ள ஒரு தலைப்பு (ஹெடர்) இருக்கும். முதல் பின் கிரவுண்ட், நான்காவது போர்டுக்குள் வரும் தரவு, ஐந்தாவது வெளியே போகும் தரவு. எல்லாம் 3.3 வோல்ட். எனவே பழைய கணினியின் ஒன்பது பின் ஆர்எஸ்-232 போர்ட்டை இதில் நேராகச் செருகக்கூடாது, 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் கம்பிதான் போடவேண்டும்.

ஆலையில் போய்க் கற்றுக்கொள்ளக் கூடாது என்று, கோவையில் என் மேசையில் இருந்த உபரிப் போர்டில் அதே இமேஜை ஏற்றி முதலில் ஒத்திகை பார்த்தேன். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். நான்கு நாள் ஆனது.

முதல் நாள் பெயர்க் குழப்பத்தில் போனது. கெர்னல் பூட் வரியில் கேஜிடிபிஓசி என்ற அமைப்புக்குப் போர்ட்டின் பெயரையும் 115200 என்ற வேகத்தையும் கொடுக்கவேண்டும். கெர்னல் செய்திகள் வரும் கன்சோலுக்கான வரியில் ஏற்கெனவே "டிடிஒய்-ஓ-0" என்று இருந்தது, கன்சோலும் அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது. அதே பெயரை இங்கேயும் போட்டேன். பூட் ஆனதும் லாகில் "ஐஓ டிரைவர் பதிவானது" என்று கேஜிடிபி ஒரு வரி சொல்லவேண்டும். சொல்லவில்லை. பிழை என்றும் ஒன்றும் இல்லை; மௌனம்.

கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அதே பெயரைக் கையால் எழுதிப் பார்த்தபோதுதான் "அப்படி ஒரு சாதனம் இல்லை" என்று வாய் திறந்தது. விஷயம் இதுதான்: பழைய ஓமேப் சீரியல் டிரைவர் இந்தப் போர்ட்டை ஓ-0 என்று அழைக்கும், புதிய 8250 வகை டிரைவர் எஸ்-0 என்று அழைக்கும். பழைய பூட் வரிகள் உடையக்கூடாது என்று, கன்சோல் என்ற சொல்லுக்குப் பின்னால் ஓ-0 வந்தால் அதை எஸ்-0 ஆக்கிக்கொள்ளும் ஒரு வசதி கெர்னலில் இருக்கிறது. அந்தச் சலுகை கன்சோலுக்கு மட்டும்தான். எனக்கு உதவ வைத்த ஊன்றுகோல் என் காலையே தடுக்கிவிட்டது. எஸ்-0 என்று மாற்றியதும் பதிவு வரி வந்தது.

அடுத்தது இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பிழை. லேப்டாப்பில் ஜிடிபியைத் திறந்து, டீபக் தகவலோடு இருக்கும் விஎம்லினக்ஸ் கோப்பை ஏற்றி, போர்ட்டோடு இணை என்றேன். பதிலுக்கு, "விமஸ்ட்ரிப்ளைஎம்ப்டி என்பதற்கு எதிர்பாராத பதில்: விமஸ்ட்ரிப்ளைஎம்ப்டி" என்று வந்தது. அந்தப் பெயருக்கு அர்த்தம், "இதற்கு வெற்றுப் பதில்தான் வரவேண்டும்". மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாத கட்டளைக்கு வெற்றுப் பதில் தருகிற நாகரிகம் உண்டா என்று ஜிடிபி வைக்கும் சோதனை அது. நம் ஆள் வெற்றுப் பதில் தராமல் கேள்வியையே திருப்பிச் சொல்கிறான்.

கேஜிடிபி பதிப்பு பொருந்தவில்லை, கிராஸ் கம்பைலர் பழையது என்றெல்லாம் இரண்டு மணி நேரம் அலைந்த பிறகு, ஜிடிபியில் ரிமோட் டீபக்கை இயக்கி, கம்பியில் போய்வருவதை அப்படியே பார்த்தேன். முதலிலேயே செய்திருக்கவேண்டியது. ஜிடிபியின் சீரியல் மொழி படிக்க எளிதானது: ஒரு டாலர் குறி, பிறகு செய்தி, பிறகு ஹாஷ் குறி, பிறகு இரண்டு இலக்கக் கூட்டுத்தொகை. செய்தியின் பைட்களைக் கூட்டி 256-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த இரண்டு இலக்கம், ஹெக்ஸில். "ஏன் நின்றாய்?" என்று கேட்க ஒரே ஒரு கேள்விக்குறி போதும், கேள்விக்குறியின் ஆஸ்கி எண் 3எஃப், எனவே கூட்டுத்தொகையும் 3எஃப். சரியாக வந்தால் மறுமுனை கூட்டல் குறி அனுப்பும். கெட்டு வந்தால் கழித்தல் குறி.

திரையில் பார்த்தால், நான் அனுப்பிய டாலர், செய்தி, ஹாஷ் எல்லாம் எழுத்துப் பிசகாமல் திரும்பி வந்துகொண்டிருந்தன. என் செய்தியே திரும்பி வருவதால் கூட்டுத்தொகையும் மிகச் சரி! ஜிடிபி அதைப் பதில் என்று நம்பி, "உனக்கு என்னென்ன தெரியும்?" என்ற முதல் கேள்வியைத் தாண்டிவிட்டது, இரண்டாவதில்தான் மாட்டியது. எதிரொலிப்பவன் யார்? லாகின் கேட்கும் கெட்டி (getty) என்ற நிரல். யாரோ பயனர் பெயரைத் தட்டச்சு செய்கிறார்கள் என்று நினைத்து, வந்த எழுத்தையெல்லாம் பவ்யமாகத் திரையில் காட்டுகிறது. கேஜிடிபி அந்தக் கம்பியில் இன்னும் வாயே திறக்கவில்லை. கெர்னல் நின்ற பிறகுதான் அது பேசும்; ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பி கெட்டிக்கும் கன்சோலுக்கும்தான் சொந்தம். கைபேசியில் வேறு யாரோ எடுத்து "ஹலோ" என்றதற்கு நான் "ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்த கதை.

சரி, முதலில் நிறுத்தவேண்டும். அதற்குச் சிஸ்ரிக்யூ என்ற அவசரக் கட்டளை வசதி கெர்னலில் இருக்கிறது: சீரியலில் பிரேக் சைகை அனுப்பி, ஐந்து விநாடிக்குள் "ஜி" என்ற எழுத்தை அழுத்தினால் கெர்னல் டீபக்கருக்குள் விழும். அழுத்தினேன். "இந்தச் சிஸ்ரிக்யூ செயல் முடக்கப்பட்டுள்ளது" என்றது. ஆனால் போர்டில் லாகின் செய்து, அதே வசதிக்கான ப்ராக் கோப்பில் அதே எழுத்தை எழுதினால் உடனே நின்றது! ஒரே எழுத்து, ஒரு வழியில் நடக்கிறது, இன்னொரு வழியில் நடக்கவில்லை.

ப்ராக் கோப்பு வழியாக ரூட் (நிர்வாகி) எழுதினால் கெர்னல் அனுமதி பார்ப்பதில்லை. விசைப்பலகையிலோ சீரியலிலோ வந்தால் பார்க்கும். டெபியன் லினக்ஸில் அந்த அனுமதி எண் 438. பிரித்தால் 256, 128, 32, 16, 4, 2. ஒவ்வொன்றும் ஒரு வகைச் செயலுக்கான அனுமதி; டீபக்கருக்குள் விழவைக்கும் "ஜி"-க்கு அதில் அனுமதி இல்லை. சிஸ்டம் உறைந்து கிடக்கும்போது லாகின் செய்து கோப்பில் எழுதவா முடியும்? எண்ணை 1 ஆக்கினேன், எல்லாவற்றுக்கும் அனுமதி. ஒத்திகை பார்த்ததற்கு இந்த ஒன்றுக்காகவே நன்றி சொல்லவேண்டும். ஆலையில் போய் உறைந்த பெட்டியின் முன் நின்று இதைக் கண்டுபிடித்திருந்தால் அடுத்த உறைவுக்காக இன்னொரு நாள் காத்திருக்கவேண்டும்.

இரண்டு பேருக்கும் ஒரே கம்பி என்ற தகராறுக்கு ஏஜென்ட்-பிராக்ஸி என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. சீரியல் போர்ட்டை அது ஒன்றே பிடித்துக்கொண்டு, இரண்டு டிசிபி போர்ட்டாகப் பிரித்துத் தரும்: ஒன்றில் டெல்நெட் வைத்துக் கன்சோல் பார்க்கலாம், மற்றதில் ஜிடிபியை இணைக்கலாம். டெல்நெட் பக்கத்திலிருந்து பிரேக் அனுப்பவும் முடியும். கெட்டியையும் அந்தப் போர்ட்டிலிருந்து நிறுத்திவிட்டேன்.

பிரேக், ஜி, இணை. இந்த முறை ஜிடிபி அமைதியாக ஒரு பங்ஷன் பெயரையும் வரி எண்ணையும் காட்டியது. மூன்று நாளில் முதல் வெற்றி. டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் போர்டு பூட் ஆகிக்கொண்டிருந்தது.

கைபட்டிருக்கும் என்று மறுபடி நிறுத்தினேன். இந்த முறை கண் வைத்துக்கொண்டிருந்தேன். 38 விநாடி, ரீஸ்டார்ட். மறுபடி, 52. மறுபடி, 44. ஒரு முறைகூட 30-க்குக் கீழே இல்லை, ஒரு முறைகூட 60-ஐத் தாண்டவில்லை. எட்டு முறை குறித்த பிறகு அந்த இரண்டு எண்களையும் காகிதத்தில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 60, அதில் பாதி 30.

வாட்ச்டாக்: குறித்த நேரத்துக்குள் யாரும் தட்டிக்கொடுக்காவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் டைமர். மற்ற நிரல்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்-டியின் அமைப்புக் கோப்பில் ரன்டைம் வாட்ச்டாக் 60 விநாடி என்று ஒன்றரை வருடத்துக்கு முன் எழுதி வைத்தவன் நானேதான். சிஸ்டம்-டி அந்த நேரத்தில் பாதிக்கு ஒரு முறை வாட்ச்டாகைத் தட்டிக்கொடுக்கும். கெர்னலை நான் நிறுத்தினால் தட்டிக்கொடுக்க ஆளில்லை. கடைசித் தட்டிலிருந்து 60 விநாடி ஆனதும் ஹார்ட்வேர் போர்டையே ரீசெட் செய்யும். கடைசித் தட்டு எப்போது நடந்தது என்பதைப் பொறுத்து எனக்கு மிச்சம் இருப்பது 30-க்கும் 60-க்கும் இடையில் ஏதோ ஒன்று.

எரிச்சலோடு அதை 0 ஆக்கப் போன கை பாதியில் நின்றது. ஆலையிலும் பெட்டி கொஞ்ச நேரம் உறைந்து, பிறகுதானே ரீஸ்டார்ட் ஆனது? அங்கே கேஜிடிபி இல்லை. ஆனால் ஏதோ ஒன்று சிஸ்டம்-டியை ஓடவிடாமல் வைத்திருந்தால் அதே வாட்ச்டாக் அதே வேலையைத்தான் செய்யும். பவர் போகவே இல்லை. நோயின் அறிகுறி என்று நான் துரத்திய ரீஸ்டார்ட், நான் வைத்த காவல்காரன் செய்தது. காவல்காரன் ஒவ்வொரு முறையும் திருடனைத் துரத்திவிட்டு, கால்தடத்தையும் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

நான்கு நாளில் கிடைத்த உருப்படியான தகவல் இதுதான். வாட்ச்டாகை அணைத்தால், ஆலையில் பெட்டி உறைந்த இடத்திலேயே கிடக்கும். அப்போது சீரியலில் போய்ப் பிடித்துவிடலாம்.

கிளம்பும் முன் ஒரு சில்லறை வேலை பாக்கி. நின்ற கெர்னலில் த்ரெட் பட்டியலைக் கேட்டால் வரி வரியாக ஊர்ந்தது. 115200 வேகத்தில் ஒரு பைட்டுக்கு, தொடக்க நிறுத்த பிட்களோடு 10 பிட், விநாடிக்கு 11,520 பைட். நான்கு பைட் நினைவகம் படிக்கக் கேள்வியும் பதிலுமாக 30 பைட்கூட இல்லை. கம்பியில் ஆகும் நேரம் சுமார் 2.5 மில்லிவிநாடி. அப்படியானால் தாமதம் எங்கே? யுஎஸ்பி-சீரியல் கம்பியில் இருந்தது எஃப்டிடிஐ சிப். சின்னச் சின்னப் பைட்டாக வந்தால் உடனே கணினிக்கு அனுப்பாமல், பை நிரம்பட்டும் என்று 16 மில்லிவிநாடிவரை காத்திருப்பது அதன் இயல்பு நிலை. கோப்பு அனுப்புபவர்களுக்கு அது நல்லது. கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று போகும் ஜிடிபிக்கு ஒவ்வொரு பதிலுக்கும் 16 மில்லிவிநாடி தண்டம். லேட்டன்சி டைமர் என்ற சிஸ்எஃப்எஸ் கோப்பில் 1 என்று எழுதினேன். பட்டியல் ஓடியது.

ஆலையில் நான் வாரக்கணக்கில் உட்கார முடியாது. எனவே ராஸ்பெர்ரி பை என்ற இன்னொரு சின்னக் கணினியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, அதில் யுஎஸ்பி-சீரியலைச் செருகி, 4ஜி டாங்கிள் வழியாக என் வாடகைச் சர்வருக்குத் தலைகீழ் எஸ்எஸ்ஹெச் சுரங்கம் (வெளியிலிருந்து நான் உள்ளே லாகின் செய்ய ஒரு பாதை) போட்டேன். முதலில் ஜிடிபியைக் கோவை லேப்டாப்பில் வைத்து, சீரியலை மட்டும் நெட் வழியாக இழுக்கலாம் என்று நினைத்தேன். 16 மில்லிவிநாடிக்கே அழுதவன், 4ஜியின் போக்குவரத்து நேரத்தை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கட்ட முடியுமா? ஜிடிபி-மல்ட்டிஆர்க்கையும் விஎம்லினக்ஸையும் பையிலேயே ஏற்றிவிட்டு, எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போய் அங்கேயே ஓட்டினேன். நெட்டில் வருவது வெறும் திரை எழுத்து மட்டும்.

முதல் நாள் இன்னொரு வம்பு. பையைப் பேனலுக்கு வெளியே வைத்து இரண்டு மீட்டர் கம்பி இழுத்திருந்தேன், மோட்டார் கேபிளை ஒட்டியே. பிரஸ் கான்டாக்டர் விழும் ஒவ்வொரு முறையும் கன்சோலில் குப்பை எழுத்து. பையைப் பேனலுக்குள்ளேயே கட்டி, ஒரு சாண் கம்பியை கிரவுண்டோடு முறுக்கிப் போட்டதும் நின்றது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆலைக்காரர்களிடம், "இனி பெட்டி தானாக எரியாது, உறைந்தால் உறைந்தபடி நிற்கும், எனக்குப் போன் போடுங்கள், யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவரை எடையைக் கையால் எழுதிக்கொள்ள ஒரு நோட்டு.

இரண்டாம் நாள் மாலை போன் வந்தது. "நின்னுருச்சுங்க தம்பி. தட்டட்டுங்களா?"

"ஐயோ, தட்டாதீங்கண்ணா! அப்படியே விடுங்க."

ராஸ்பெர்ரி பைக்குள் போய், உயிரோடு இருக்கிறதா என்று பெட்டியைப் பிங் செய்தேன், பதில் வந்தது. எஸ்எஸ்ஹெச் போட்டேன்; இணைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஆனால் கடவுச்சொல் கேட்கவில்லை, அப்படியே நின்றது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதே பாதி விளங்கிவிட்டது. பிங்குக்கும் டிசிபி கைகுலுக்கலுக்கும் கெர்னல், இன்டரப்ட் (ஹார்ட்வேரின் குறுக்கீட்டுச் சைகை) வந்த சூட்டிலேயே பதில் சொல்லிவிடும். எந்த ப்ராசஸும் ஓடவேண்டியதில்லை. எஸ்எஸ்ஹெச் நிரல் பேச அதற்குச் சிபியு கிடைக்கவேண்டும். ஆக, இன்டரப்ட் வேலை செய்கிறது, ப்ராசஸ் எதற்கும் முறை வரவில்லை. ஒரே கோர் உள்ள சிபியுவை யாரோ கெர்னலுக்குள்ளிருந்து விடாமல் பிடித்திருக்கிறார்கள். இன்டரப்ட் உயிரோடு இருக்கிறது என்பது எனக்கு நல்ல செய்தி. சீரியலில் வரும் பிரேக்கும் ஒரு இன்டரப்ட்தானே.

பிரேக், ஜி, இணை. பேக்ட்ரேஸ், அதாவது எந்தப் பங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல். மேலே கேஜிடிபியும் சிஸ்ரிக்யூவும் சீரியல் இன்டரப்டும். அது நான் தட்டிய கதவு. அதற்குக் கீழே, இன்டரப்ட் வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது: நான் எழுதிய எடை படிக்கும் த்ரெட், "தயாராகும்வரை காத்திரு" என்ற என் சொந்தப் பங்ஷன்.

ஓடவிட்டேன். பத்து விநாடி கழித்து மறுபடி நிறுத்தினேன். அதே வரி. இன்னொரு முறை. அதே வரி.

எச்எக்ஸ்711 சிப்பின் பழக்கம் இப்படி: எடைத் தரவு தயாரானால் தரவுக் கம்பியைத் தாழ்நிலைக்கு இழுக்கும், தயாராகாதவரை உயர்நிலை. நான் வைத்திருந்த வேகத்தில் விநாடிக்கு 10 முறை தயாராகும். என் டிரைவர், கம்பி உயர்நிலையில் இருக்கும்வரை ஒரு வைல் லூப்பில் சுற்றும். தூங்காது, யாருக்கும் வழிவிடாது, இத்தனை நேரத்துக்கு மேல் வேண்டாம் என்ற எல்லையும் கிடையாது. என் கெர்னல் பிரீஎம்ப்ஷன் இல்லாத வகை. கெர்னல் த்ரெட் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தவருக்கு முறை. விநாடியில் பத்தில் ஒரு பங்குதானே என்று எழுதியது.

அந்தக் கம்பி பி9 தலைப்பின் 12-ஆம் பின்னில் வருகிறது. ஜிபிஐஓ 1-இன் 28-ஆம் பிட். டிரைவர் வைத்திருந்த முகவரியோடு ஹெக்ஸ் 138 கூட்டினால் உள்வரும் நிலையைக் காட்டும் ரெஜிஸ்டர். ஜிடிபியில் படித்தேன். 28-ஆம் பிட் 1. ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி படித்தேன். 1. பின்னுக்கு உள்ளே புல்-அப் வேறு போட்டிருக்கிறேன். அதாவது கம்பி அறுந்தாலும் இந்தப் பிட் 1-ஆகத்தான் தெரியும். "சிப் இன்னும் தயாராகவில்லை" என்பதும் "சிப்பே இல்லை" என்பதும் என் டிரைவர் கண்ணுக்கு ஒன்றே.

அப்போதுதான் மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த வாக்கியம் மண்டையில் அடித்தது. கெர்னலை ஓடவிட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

"அண்ணா, இப்ப தட்டுங்க."

"எங்கீங்க?"

"எப்பவும் தட்டுற இடத்துலயே."

போனில் "டொக்" என்று கேட்டது. அதே நொடி, இன்னொரு விண்டோவில் நின்று கிடந்த எஸ்எஸ்ஹெச் கடவுச்சொல் கேட்டது.

"வந்துருச்சுங்க," என்றார் அவர், இதில் என்ன அதிசயம் என்ற தொனியில்.

மறுநாள் போய்ப் பெட்டியைத் திறந்தேன். எச்எக்ஸ்711 பலகைக்குப் போகும் கனெக்டரில் தரவுக் கம்பியின் க்ரிம்ப் முனை பூட்டிக்கொள்ளாமல் பின்னால் நழுவியிருந்தது. பிரஸ் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அடிக்கும் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கிறது. தொடும், விடும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை விட்டாலே வாட்ச்டாக் ரீசெட். பூட் ஆன பிறகும் தொடாமலே இருந்தால் மறுபடி ரீசெட். அதுதான் "தொடர்ந்தாப்ல அஞ்சாறு தடவை". அவர் தட்டும் இடம் சரியாக அந்தப் பலகைக்கு மேலே.

முனையைப் புதிதாக க்ரிம்ப் செய்து, கேபிளைப் பேனல் சுவரில் கட்டினேன். அது பத்து நிமிட வேலை. டிரைவரில் காத்திருப்பைத் தூங்கித் தூங்கிப் பார்ப்பதாக மாற்றி, ஒரு விநாடிக்குமேல் தரவு வராவிட்டால் பிழை தரச் செய்தேன். பிறகுதான் பார்த்தேன், இதே சிப்புக்கு மெயின்லைன் கெர்னலில் டிரைவர் இருக்கிறது. அதில் காத்திருப்பு 10 மில்லிவிநாடியாக 100 முறைதான், அப்புறம் பிழை. படித்திருந்தால் நான் எழுதியே இருக்கமாட்டேன்.

இன்னொரு வெட்கம். சிபியுவை யாராவது விடாமல் பிடித்திருந்தால் கண்டுபிடித்துச் சொல்ல சாஃப்ட் லாக்அப் டிடெக்டர் என்று ஒன்று கெர்னலில் உண்டு. சாதாரண அமைப்பில் 20 விநாடிக்கு மேல் மாட்டினால், எந்த ப்ராசஸ், எந்தப் பங்ஷன் என்று பேக்ட்ரேஸோடு கன்சோலில் கத்தும். கெர்னல் சின்னதாக இருக்கட்டும் என்று அதை அணைத்து கம்பைல் செய்திருந்தேன். அது இருந்து, சீரியலில் வருவதை ஒரு கோப்பில் சேமிக்க மட்டும் பையை வைத்திருந்தால், வாட்ச்டாக் கடிப்பதற்கு முன்பே பங்ஷன் பெயர் கிடைத்திருக்கும். கேஜிடிபி, ஏஜென்ட்-பிராக்ஸி எதுவும் வேண்டியிருந்திருக்காது. இப்போது அது இருக்கிறது. வாட்ச்டாகையும் மறுபடி 60-க்கு வைத்துவிட்டேன். சிஸ்ரிக்யூ எண்ணைப் பழைய 438-க்கே மாற்றினேன். ஆலைத் தளத்தில் திறந்து கிடக்கும் சீரியல் தலைப்பில் யார் வேண்டுமானாலும் கெர்னலை நிறுத்தலாம் என்று விட்டுவைக்க மனம் வரவில்லை.

தரவு வராவிட்டால் பெட்டித் திரையில் "எடை வரவில்லை, கம்பியைப் பார்க்கவும்" என்று காட்டும்படி செய்திருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் அது வந்ததாகப் போன் செய்தார். லோட்செல் பக்கத்துக் கேபிளில் எலி. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"மொதல்ல ஒரு தட்டு தட்டிப் பாத்தனுங்க. செரியாகல. அப்புறந்தான் கம்பியப் பாத்தேன்."